‘தரமில்லை’ என்ற ஒரு சொல்

சீவக சிந்தாமணியைப் பாடிய திருத்தக்கதேவரைப் பற்றி நம் நாட்டில் ஒரு செவிவழிச் செய்தி வழங்கிவருகிறது. சமண முனிவர் துறவைப் பாடத்தான் வல்லவர், இன்பச் சுவை அவர்களுக்கு வராது என்று புலவர் சிலர் கூறினராம். தேவர் தம் ஆசிரியரிடம் சென்று, காவியம் ஒன்று பாட விடை வேண்டினார். ஆசிரியர் உடனே ‘ஆகட்டும்’ என்று சொல்லிவிடவில்லை. ‘உனக்கு வராது’ என்று தள்ளிவிடவும் இல்லை. அவ்வமயம் எதிரே ஒரு நரி ஓடிற்று. ‘முதலில் இதைப் பற்றி ஒரு நூல் செய்து காட்டு’ என்றார். அவ்வாறு பிறந்ததே நரிவிருத்தம். அதைக் கண்டு மகிழ்ந்த ஆசிரியர் காவியத்துக்கு விடை கொடுத்ததோடு, கடவுள் வாழ்த்தாக ஒரு செய்யுளையும் தாமே இயற்றித் தந்தார். மாணவரும் ஒரு வாழ்த்துச் செய்யுள் பாடினார். இரண்டையும் ஒப்புநோக்கிய ஆசிரியர், ‘உன் பாட்டே முதலில் நிற்கட்டும், என்னுடையது அதன்பின் வரட்டும்’ என்றாராம்.

இதை எனக்குச் சொன்னவர் மேல்சித்தாமூரில் வாழும் முதியவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள அச்சிற்றூரில்தான் தமிழ்ச் சமணரின் மடம் இருக்கிறது என்பதை நம் வாசகருள் பலர் அறிந்திருப்பர். எங்கள் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றுக்கு அவ்வூர் வழியாகவே செல்லவேண்டும். செல்லும்போதெல்லாம் நயினார் ஐயா வீட்டுத் திண்ணையில் எனக்கு ஒரு தம்ளர் மோர் உண்டு. பொழுது சாய்ந்தபின் அவர் ஒன்றும் உட்கொள்வதில்லையாதலால், பேச்சை மாலைக்குள் முடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். அண்மையில் அவர் இக்கதையை நினைவூட்டியதற்குக் காரணம் ஒரு படம்.

படம் எடுத்தவள் எங்கள் பங்கைச் சேர்ந்த இளம்பெண். தந்தை கொத்தனார். கல்லூரியில் காட்சித் தொடர்பியல் பயின்று முடித்தவள். இந்நாளில் நம் குடும்பங்களில் ‘விஸ்காம்’ என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கிவிடுகிறது. ‘அதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய்?’ என்ற கேள்விக்குத்தான் இன்னும் விடை கிடைக்கவில்லை. அவள் தன் செல்பேசியையும், இரவல் வாங்கிய ஓர் ஒலிவாங்கியையும் கொண்டு, எங்கள் பகுதிச் செங்கல் சூளை ஒன்றில் கல் அறுக்கும் இருளர் குடும்பத்தைப் பற்றிப் பதினெட்டு நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்தாள். வாங்கிய முன்பணம் தீராமல், சூளையை விட்டுப் போகவும் இயலாமல் இருக்கும் ஒரு தாயும் அவள் பிள்ளைகளும் படத்தில் வருகிறார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ஆம் ஆண்டில். படத்தைப் பார்ப்பவர்க்கு அவ்வாண்டு நினைவுக்கு வராமல் இராது.

இவ்வட்டாரத்தில் ஓடும் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று, புதியவர்களின் குறும்படங்களை ஞாயிறுதோறும் ஒளிபரப்புவதாக அறிவித்திருந்தது. அவள் அனுப்பினாள். ஒரு மாதம் கழித்து மூன்று சொற்களில் பதில் வந்தது: ‘ஒளிபரப்பும் தரத்தில் இல்லை.’ எந்தத் தரம் என்று தொலைபேசியில் கேட்டாள். ‘கேமரா ஆடுகிறது’ என்றார்கள். மீண்டும் கேட்டாள். ‘சோகமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை யார் பார்ப்பார்கள்?’ என்றார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அங்கே வாழ்த்து விளம்பரம் தருபவர்களுள் சூளைக்காரரும் ஒருவர் என்பதை, அந்நிலையத்தில் பணிபுரியும் ஒருவரே பிறகு சொன்னார்.

தரம் என்பது மதிப்புள்ள சொல். தரம் வேண்டா என்று நான் வாதிட வரவில்லை. எடுத்ததெல்லாம் ஒளிபரப்புக்கு உரியதன்று. கேட்க முடியாத ஒலியோடு ஒரு படத்தைக் காண்பது எத்தகைய தண்டனை என்பது, எங்கள் ஆலய ஒலிபெருக்கிக்குப் பழகிய பங்கு மக்களுக்கு நன்கு தெரியும். ஆனால் அச்சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே எதையும் மறைத்து வைக்கலாம். அச்சத்தை மறைக்கலாம், விளம்பரக் காசை மறைக்கலாம், படத்தைப் பார்க்கவே இல்லை என்பதையும் மறைக்கலாம். வெளியிலிருந்து நோக்குவார்க்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும்.

இதனை மிகத் தெளிவாகக் காட்டும் வழக்கு ஒன்று நம் உச்ச நீதிமன்றத்துக்கே சென்றது. 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் இரவு தொடங்கி விடியும்வரை போபால் நகரில் நச்சுவாயு பரவிய கொடுமையை நாம் மறந்திருக்க முடியாது. அதைப் பற்றித் தபன் போஸ் முதலியோர் ‘பியாண்ட் ஜீனோசைட்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தனர். கதைப்படம் அல்லாத படங்களுள் 1987-ஆம் ஆண்டின் மிகச் சிறந்தது எனத் தங்கத் தாமரை விருது அதற்குக் கிடைத்தது. விருது வழங்கிய விழாவில், பரிசு பெற்ற குறும்படங்கள் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகும் என்று மத்திய அமைச்சரே அறிவித்திருந்தார். அதை நம்பிப் படத்தைக் கொடுத்தவர்களுக்குக் கிடைத்த பதில், படத்தின் பொருள் பழையதாகிவிட்டது, இப்போது அதற்குப் பொருத்தமில்லை என்பது. நீதிமன்றத்தில் காரணங்கள் பெருகின. படத்தில் நிதானமும் அடக்கமும் இல்லை, நடுநிலை இல்லை, இழப்பீட்டு வழக்கு நிலுவையில் உள்ளது, அரசியல் கட்சிகள் பிரச்சினை எழுப்பிவருகின்றன, மாநில அரசு குறைகூறப்படுகிறது, கொந்தளிப்பு உண்டாகலாம்.

கவனியுங்கள். பழையதாகிவிட்ட ஒரு செய்தியினால் கொந்தளிப்பு எப்படி உண்டாகும்? இரண்டு காரணங்களுள் ஒன்று மெய்யாயின் மற்றது பொய். தில்லி உயர் நீதிமன்றம் படத்தை ஒளிபரப்பும்படி சொல்லிற்று. 1992-ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. மக்கள் பணத்தில் நடக்கும் ஒளிபரப்பு நிலையம் ஒரு படத்தை மறுக்குமாயின், சட்டம் ஏற்கும் காரணத்தைக் காட்ட வேண்டியது அந்நிலையத்தின் கடமை. அரசைக் குறைகூறுகிறது என்பது அத்தகைய காரணம் ஆகாது. தீர்ப்பின் சாரம் இதுவே.

அதே தீர்ப்பில் இன்னொரு வழக்கும் இணைந்திருந்தது. ஓர் இதழை நடத்துவோர்க்கும் படிப்போர்க்கும் அது சுவையானது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் நடைமுறையைக் குறைகூறி மனுபாய் ஷா என்பவர் ஓர் ஆய்வுரை எழுதினார். கழகத்தைச் சேர்ந்தவர் அதற்கு மறுப்பு எழுதி, கழகத்தின் இதழாகிய ‘யோகக்ஷேமா’விலும் வெளியிட்டார். அம்மறுப்புக்கு ஷா எழுதிய விடையை வெளியிட இதழ் மறுத்துவிட்டது. அது கழகத்தின் வீட்டு இதழாம், வெளியார்க்கு அதில் இடமில்லையாம். ஒருவனைத் தாக்கி எழுத இடமுண்டு, அவன் விடைசொல்ல இடமில்லை என்பது நேர்மையன்று என்று நீதிமன்றம் கண்டது. திரைப்படத்துக்கும் இதழுக்கும் ஒரே நாளில் ஒரே நீதி வழங்கப்பட்டது.

இருபதாண்டுக் காலத்தில் இத்தகைய வழக்குகளை மீண்டும் மீண்டும் நடத்தியவர் ஆனந்த் பட்வர்தன். மும்பைக் குடிசைவாசிகளைப் பற்றிய படம், அயோத்திப் பூசலைப் பற்றிய ‘ராம் கே நாம்’ என ஒவ்வொன்றும் நீதிமன்றப் படியேறியே தூர்தர்ஷனுக்குள் நுழைந்தது. ‘ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்’ என்ற அவருடைய 1995-ஆம் ஆண்டுப் படம் தேசிய விருது பெற்றது. அதன் முதற்பகுதிக்குத் தணிக்கைக் குழு எல்லாரும் பார்க்கலாம் என்ற ‘யு’ சான்று தந்தது; இரண்டாம் பகுதிக்கு வயது வந்தோர்க்கு மட்டும் என்ற ‘ஏ’ சான்று தந்தது. ‘ஏ’ சான்று பெற்றவற்றை ஒளிபரப்புவதில்லை என்று தூர்தர்ஷன் மறுத்தது. 2006-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், ஒரு படத்தை இங்கொரு காட்சியும் அங்கொரு சொல்லுமாகக் கிள்ளிப் பார்க்கலாகாது, சாதாரண நல்லறிவுள்ள மனிதன் ஒருவன் முழுமையாகப் பார்த்தால் அவனுக்கு என்ன தோன்றும் என்றே நோக்கவேண்டும் என்று சொல்லி, ஒளிபரப்ப ஆணையிட்டது. பதினோராண்டுகள்! பட்வர்தன் பெயர் பெற்றவர். வழக்கறிஞர்கள் அவருக்காக நின்றார்கள். கொத்தனார் மகள் எந்த நீதிமன்றத்துக்குப் போவாள்?

தமிழ்ப்படம் ஒன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். சொல்வது எனக்கு எளிதன்று. 1987-ஆம் ஆண்டில் வந்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’, சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் குறைகூறிய படம். அதற்கு வழங்கிய சான்றைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கிற்று. 1989-ஆம் ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்ப வழங்கிற்று. ஆர்ப்பாட்டம் நடக்கும், ஊர்வலம் நடக்கும் என்ற மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்துரிமையை அடக்கலாகாது என்பது அத்தீர்ப்பு. அப்படத்தின் கருத்து எனக்கு உடன்பாடன்று. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால், கிறிஸ்தவராய் இருப்பதனாலேயே பட்டியல் சாதியினர்க்குரிய உரிமையை இழந்து நிற்கும் மக்களிடையே முப்பதாண்டு மேய்ப்புப் பணி செய்பவன் நான். இடஒதுக்கீடு ஒரு குடும்பத்தை எங்கிருந்து எங்கே தூக்கிவிடுகிறது என்பதையும், அது கிடைக்காத குடும்பம் எங்கேயே நின்றுவிடுகிறது என்பதையும் பெயர் சொல்லிக் காட்ட என்னால் முடியும். ஆயினும் அத்தீர்ப்பு சரியானதென்றே நினைக்கிறேன். எனக்குப் பிடிக்காததை மறுக்க ஒரு வாயில்காப்போனை நான் இன்று அமர்த்தினால், நாளை அவனே செங்கல் சூளைப் படத்தையும் மறுப்பான். மறுத்துத்தானே இருக்கிறான்?

இவ்விஷயத்தில் திருச்சபையின் போக்கும் ஒரே நிலையில் நின்றதன்று. 1936-ஆம் ஆண்டில் பதினோராம் பத்திநாதர் விடுத்த சுற்றுமடல், நாடுதோறும் ஓர் அலுவலகம் அமைத்துத் திரைப்படங்களைத் தரம்பிரித்து மக்களுக்கு அறிவிக்கும்படி ஆயர்களைப் பணித்தது. அக்காலத்தின் அச்சம் அதில் தெரியும். 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்போ, தீமையைச் சித்திரித்துக் காட்டுவதும் மனிதனை ஆழ்ந்து அறிய உதவக்கூடும் என்று ஒப்புக்கொண்டது. ஆன்மாக்களுக்குக் கேடு வராதபடி ஒழுக்க நெறிக்கு அடங்கியிருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. சூளையில் ஒரு தாய் அழுவதைக் காட்டுவது ‘சோகம்’ என்று தள்ளப்படுமாயின், நம் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளும் ஞாயிறு ஒளிபரப்புக்கு உதவா.

மறுப்பு வரும்போது அதன் காரணம் வெளிச்சத்தில் சொல்லப்பட்டால் என்ன நிகழும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2009-ஆம் ஆண்டில் கலைஞர் தொலைக்காட்சி ‘நாளைய இயக்குநர்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. சில நிமிடங்களே ஓடும் குறும்படங்களைப் புதியவர்கள் எடுத்துவர வேண்டும். நடுவர்கள் அவர்கள் முகத்துக்கு நேரே, பார்வையாளர் அனைவரும் கேட்க, எது நன்று, எது குறை என்று சொல்வார்கள். நலன் குமாரசாமி, கார்த்திக் சுப்பராஜ், பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்திரன் போன்றவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். ‘முண்டாசுப்பட்டி’ முதலில் அங்கே குறும்படமாக வந்து, 2014-ஆம் ஆண்டில் முழுநீளப் படமாயிற்று. நான் அப்படங்களை எல்லாம் பரிந்துரைக்க வரவில்லை. சிலவற்றைப் பார்த்துத் தலைவலி வந்ததும் உண்டு. நான் சுட்டுவது அம்முறையை. குறையைக் கேட்டவன் அடுத்த வாரம் அதைத் திருத்திக்கொண்டு வந்தான். நரியைக் காட்டிய ஆசிரியரின் முறையும் அதுதான்: சிறிய பணி, தெளிவான கட்டளை, பார்த்தபின் ஒரு தீர்ப்பு. ஒன்று மட்டும் குறை. அம்மேடையில் பெரும்பாலும் கதைகளே இடம்பெற்றன. மெய்யான மனிதரைக் காட்டும் படம் வந்தால் எந்த அளவுகோலால் அளப்பது என்ற கடினமான கேள்வி அங்கே எழவில்லை.

அக்கேள்வி எங்களுக்கு நயினார் ஐயாவின் திண்ணையில் எழுந்தது.

படத்தை அவருக்குக் காட்டவேண்டும் என்று அப்பெண்ணை அழைத்துச் சென்றேன். அவர் பார்ப்பதற்கு முன்பே ஒரு குறையைக் கொட்டினார். 2025-ஆம் ஆண்டு ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதல்லவா? அதன்பின் செல்பேசியும் கையுமாக வருவோர் பெருகிவிட்டனராம். கோட்டையைப் பார்த்துவிட்டு மேல்சித்தாமூருக்கும் வருகிறார்கள். தீர்த்தங்கரர் திருமேனியைக் காட்டி, ‘இவர் ஒரு சித்தர்’ என்கிறார்கள். ஒருவன் ‘புத்தர்’ என்றானாம். அன்று மாலையே அது யூடியூபில் வந்துவிடுகிறது. இங்கே ‘தரமில்லை’ என்று சொல்லவே ஆளில்லை. முன்பு வாயிலே திறக்கவில்லை. இப்போது சுவரே இல்லை.

‘எங்களைப் பற்றிச் சொல்வதை எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லட்டும். அதன்பிறகு திட்டினாலும் திட்டட்டும்’ என்றார் அவர்.

இதைவிடச் செறிவாகப் பதிப்பு நெறியைச் சொன்னவரை நான் கண்டதில்லை. உ. வே. சாமிநாதையர் சைவர், சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, சமயக் கருத்துகளுக்குப் பொருள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டறிந்தார். 1887-ஆம் ஆண்டில் நூல் வெளிவந்தது. கேட்டார், ஆனால் பதிப்பை அவர்களிடம் ஒப்படைத்துவிடவில்லை. உரியவரிடம் கேட்பது ஒன்று. உரியவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுவது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டால், சூளைக்காரர் ஒப்புதல் இல்லாமல் சூளையைப் பற்றி யாரும் பேசமுடியாது.

பிறகு படத்தைப் பார்த்தார். முடிந்ததும் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் மூன்று கேள்விகள் கேட்டார். ‘முன்பணம் இவ்வளவு என்று அந்த அம்மா சொல்கிறாள், எழுத்தில் ஏதேனும் உண்டா? சூளைக்காரர் பெயர் வருகிறது; அவரிடம் கேட்டாயா? இந்தப் படம் டிவியில் வரும், செஞ்சிப் பேருந்து நிலைய டீக்கடையில் எல்லாரும் பார்ப்பார்கள் என்று அந்த அம்மாவுக்குத் தெரியுமா?’

உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் இவை. ஒன்றையேனும் அது கேட்கவில்லை. கேமரா ஆடியது மட்டுமே அதன் கண்ணில் பட்டது. 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின்கீழ் நிகழ்ச்சி விதிமுறைகள் உண்டு. நல்ல ரசனைக்கும் நாகரிகத்துக்கும் ஒவ்வாதது கூடாது என்று தொடங்கி நீளும் விலக்குகள் அவை. எதைக் காட்டக்கூடாது என்று அவை சொல்லும். காட்டுவதற்குமுன் யாரிடம் எதைக் கேட்கவேண்டும் என்று ஒரு புதியவளுக்கு அவற்றிலிருந்து விளங்காது. அதைச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் வேண்டும்.

அவள் திரும்பச் சென்றாள். முன்பணக் கணக்கு ஒரு சிறு குறிப்பேட்டில் இருந்தது. தொகையும் தேதியும் அதில் இருந்தன. தாய் சொன்ன தொகைக்கும் அதற்கும் சிறிது வேறுபாடு. குறிப்பேட்டில் உள்ளதே இப்போது படத்தில் இருக்கிறது. சூளைக்காரரை இருமுறை சென்று கண்டாள். முதல்முறை அவர் சந்திக்கவில்லை. இரண்டாம் முறை, பேச விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பினார். அதுவும் ஒரு வரியாகப் படத்தில் சேர்ந்தது.

மூன்றாம் கேள்வியே அவளை வாட்டிற்று. அந்தத் தாயை எங்கள் கிளைக் கிராமத்துச் சிற்றாலயத்து முற்றத்துக்கு அழைத்துவந்து படத்தைக் காட்டினோம். தன்னைத் திரையில் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு, அதிகாலைப் பனியில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, அறுத்து அடுக்கிய பச்சைக்கல் வரிசைகளுக்கிடையே கைகளை வீசிக்கொண்டு தனியே நடந்து வரும் காட்சி. அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

‘என் மூஞ்சிய காட்டு கண்ணு, நான் யாருக்கும் பயப்படல. என் பொண்ணு வேணாம். அவ இப்போ ஆஸ்டல்ல தங்கிப் படிக்கிறா. கூடப் படிக்கிற புள்ளைங்க பார்க்கும்.’

அப்பெண் என்னைப் பார்த்தாள். ‘பாதர், அந்தக் காட்சிதான் படத்துக்கு உயிர்’ என்றாள். உண்மை. திரைக்கலை அறியாத எனக்கே அது தெரிந்தது. அவள் எடுத்தவற்றுள் கேமரா ஆடாத காட்சியும் அதுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் நேரவில்லை. இரண்டு நாள் கழித்துப் புதிய பிரதியைக் கொண்டுவந்தாள். சிறுமி எங்கும் இல்லை. அவ்விடத்தில் யாரும் இல்லாத கல் வரிசைகளும், ‘எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, அவ இங்க இல்ல’ என்ற தாயின் குரலும் மட்டும். பதினெட்டு நிமிடம் பதினான்காகக் குறைந்திருந்தது. நயினார் ஐயாவுக்கு இரண்டாம் பிரதியே பிடித்திருந்தது, எனக்கும் அப்படியே. அவளுக்கு இன்னும் முதற்பிரதிதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அதை அவள் மறைக்கவும் இல்லை.

சட்டமும் தீர்ப்புகளும் காத்துத்தருவது படம் எடுப்பவரின் உரிமையை. அது பெரிது. படத்தில் வருபவரைக் காப்பது பெரும்பாலும், ஒளிபரப்புக்கு முன் யாரோ ஒருவர் உட்கார்ந்து கேட்கும் இரண்டு மூன்று கேள்விகளே. அவற்றைக் கேட்பவரே ஆசிரியர் என்ற பெயருக்கு உரியவர். செல்பேசியில் எடுத்துச் செல்பேசியிலேயே வெளியிடும் நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒருவர் இல்லை. பங்கு இளைஞர் கூட்டத்தில் இதைப் பற்றி நான் பேசியபோது, ‘அப்படியானால் ஒவ்வொரு வீடியோவையும் உங்களிடம் காட்டவேண்டுமா, பாதர்?’ என்று ஒருவன் சற்று அச்சத்தோடு கேட்டான். வேண்டா என்றேன். படத்தில் வருபவரிடம் காட்டினால் போதும்.

திருத்திய படத்தை அதே நிலையத்துக்கு மீண்டும் அனுப்பினோம். யூடியூபில் போட்டுவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். எங்கள் ஊர்ச் சூளையைப் பற்றிய படம் எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் ஓடும் பெட்டியில் வரவேண்டும் என்பது அப்பெண்ணின் பிடிவாதம். அது நல்ல பிடிவாதம். உடன் ஒரு கடிதம். நயினார் ஐயாவின் தமிழ், என் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் கீழே. ஏற்பதும் மறுப்பதும் நிலையத்தின் உரிமை என்றும், மறுப்பதாயின் எந்த இடம், எந்தக் குறை, எதைத் திருத்தினால் ஏற்பீர்கள் என்பதை எழுத்தில் தரவேண்டும் என்றும் கேட்டிருந்தோம். தேர்த் திருவிழா நிகழ்ச்சிகள் முடியட்டும், பார்க்கலாம் என்று தொலைபேசியில் விடை வந்தது. எழுத்தில் ஒன்றும் வரவில்லை.

சூளையில் அந்தத் தாயிடம் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. மேல்சித்தாமூர்க் கடைத்தெருவில் ஒரு டீக்கடைக்காரர், அன்றைக்கு வந்து பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறாராம். சென்ற வாரம் என்னை வழியில் நிறுத்தினாள். ‘எந்தக் கிழமைன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க சாமி. சூளையில சொல்லிட்டு வரணும்’ என்றாள்.

கிழமையை எங்களால் இன்னும் சொல்ல முடியவில்லை.